துறைத் தலைவரின் கிரைண்டர் வழக்கு

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. சட்டத்துறையின் வளர்ச்சியையும் வலிமையையும் பற்றி நாற்பது பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி பதிவாளர் என்னிடம் சொன்னார். நான்தான் துறைத் தலைவர், கருணாகரன். எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. மூன்றே நாளில் நாற்பது பக்கமும் முடிந்துவிட்டது. முப்பத்தொன்பது பக்கம் வலிமை. மிச்சம் இருந்த ஒரு பக்கத்தில் 'பலவீனம்' என்று தலைப்புப் போட்டு, 'வாகனம் நிறுத்த இடம் போதவில்லை' என்று எழுதினேன்.

வளர்ச்சி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ராஜா அண்ணாமலைபுரத்தில், கேன்டீனுக்கு மேல்மாடியில் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு துறை தொடங்கியது. மேலே நான் ஒப்பந்தச் சட்டம் நடத்துவேன், கீழே வெங்காயம் வதங்கும். பிள்ளைகள் எதைக் கவனித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது தனிக் கட்டடம், நானூறு மாணவர்கள், நூலகம், அவர்கள் வாதாடிப் பழக மாதிரி நீதிமன்றம். அதில் நீதிபதி உட்காரும் நாற்காலி, சைதாப்பேட்டையில் ஒரு கல்யாண வாடகைக் கடையை மூடியபோது வாங்கியது. முதுகிலிருந்த இரண்டு மயில்களைச் சிவப்பு வெல்வெட் ஒட்டி மறைத்துவிட்டோம். அறிக்கையில் அதை 'பாரம்பரிய வேலைப்பாடு கொண்ட நீதிபதி இருக்கை' என்று குறிப்பிட்டிருந்தேன்.

என்னைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. இருபத்தேழாம் பக்கம். 'துறைத் தலைவர் நுகர்வோர் ஆணையத்தில் நேரில் ஆஜராகி, மாணவர்கள் முன்னிலையில் வெற்றிகரமாக வாதாடினார்.' அதை எழுதி அச்சுக்கு அனுப்பியபோது வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கால வரம்புச் சட்டத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறவனுக்கு என்ன சந்தேகம்?

வழக்கு ஒரு கிரைண்டரைப் பற்றியது. தி.நகரில் சண்முகசுந்தரம் என்பவர் கடையில் வாங்கினோம். நாலாம் மாசம் மோட்டார் நின்றுவிட்டது. போய்க் கேட்டால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வாரண்டி பொருந்தாது என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் மனைவி முத்துலட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சைதாப்பேட்டைல இனாயத் பாய்னு ஒரு மெக்கானிக் இருக்காராம். ஒரு தடவ காட்டிப் பாப்போமே."

"இது கிரைண்டர் பிரச்சினை இல்ல, லட்சுமி. உரிமைப் பிரச்சினை."

"உரிமைய வச்சு மாவரைக்க முடியுமாங்க?"

மூன்று மாதம் உட்கார்ந்து ஒன்பது பக்கத்துக்கு நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை. பிறகு மனு எழுதத் தொடங்கினேன். பதினாலு முறை திருத்தி எழுதினேன். ரோமானியர் காலத்தில் விற்பனைச் சட்டம் எப்படி இருந்தது என்பதற்கே நாலு பக்கம் போனது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது சட்டம். நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாள் பாக்கி இருந்தது. நிதானமாக மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைத்து, உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தாக்கல் செய்தேன்.

விசாரணை நாளன்று கடைசி வருஷ மாணவர்கள் இருபத்துமூன்று பேரைக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன். கள அனுபவம். போட்டோ எடுக்க ஒருவரையும் கூட்டிப்போயிருந்தேன். "வாதாடும்போது இடது பக்கமா எடுங்க" என்று அவரிடம் சொன்னதை ஏன் மறைக்க வேண்டும்? வலது பக்கம் எனக்கு வழுக்கை அதிகம். உள்ளே கேமரா கூடாது என்று காவலர் சொல்லிவிட்டதால் அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

தாழ்வாரத்தில் கறுப்பு கோட்டோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். "குட் மார்னிங் சார். அனுப்ரியா. நம்ம டிபார்ட்மென்ட், ஆறாவது பேட்ச்."

முகம் ஞாபகம் வந்தது. கடைசி பெஞ்சு. பரீட்சைத் தாளில் எல்லாக் கேள்விக்கும் இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டாள். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு வக்கீல் தொழில் சரிப்படாதும்மா. பேங்க் எக்ஸாம் எழுது" என்று புத்தி சொன்னவன் நான்.

"யாருக்கு ஆஜராகறே?"

"கடைக்காரருக்குத்தான் சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கிளையன்ட்டோட பேசிட்டேன். புது கிரைண்டர் குடுத்துடச் சொல்லியிருக்கேன், அவரும் சரின்னுட்டார். நீங்க வாபஸ் வாங்கிட்டா இன்னிக்கே முடிஞ்சுரும்."

மாணவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று பேருக்கு முன்னால், ஒரு கிரைண்டரை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவதா? "இது கொள்கைப் பிரச்சினை" என்றேன்.

"சார், தேதி விஷயத்துல ஒண்ணு..."

"வாதத்தை உள்ள வந்து வைம்மா."

அவள் கையிலிருந்த கோப்பை மூடினாள். பிறகு, "சரி சார்" என்று போய்விட்டாள்.

உள்ளே நான் இருபது நிமிஷம் பேசினேன். ரோமாபுரியில் தொடங்கி தி.நகருக்கு வந்து சேர்வதற்குள், ஆணையத் தலைவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அனுப்ரியா எழுந்தாள். அவள் பேசியது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

"கடை மறுத்துக் கடிதம் கொடுத்த நாள்தான் வழக்குக்கான காரணம் எழுந்த நாள். அன்னிலேர்ந்து ரெண்டு வருஷமும் பதினோரு நாளும் கழிச்சு மனு தாக்கலாயிருக்கு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு எதுவும் இல்லை."

"நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ண வேண்டும்" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நோட்டீஸ் அனுப்பறதால கால வரம்பு நீளாதே. நீங்க பேராசிரியர்னு போட்டிருக்கீங்க. என்ன பாடம் எடுக்கறீங்க?"

"கால வரம்புச் சட்டம்" என்றேன். பின்வரிசையில் எவனுக்கோ விக்கல் எடுத்தது. மனு தள்ளுபடியானது.

வெளியே அனுப்ரியா காத்திருந்தாள். "சாரி சார். உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

எனக்குக் கோபமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "இதே கேள்விய நான் உங்க பேட்ச்சுக்குக் கேட்டிருக்கேன். நோட்டீஸ் கால வரம்பை நீட்டிக்குமான்னு."

"ஆமா சார். 'நீட்டிக்காது'ன்னு எழுதினேன். பத்துக்கு ரெண்டு போட்டீங்க."

"விளக்கமே எழுதலியே!"

"நீங்க கிளாஸ்ல அவ்வளவுதான் சார் சொன்னீங்க. 'நோட்டீஸ் போட்டா கடிகாரம் நிக்காது.' அது அப்படியே மனசுல நின்னுபோச்சு." அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

வீட்டில் முத்துலட்சுமியிடம் நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பி, "நல்லவேள" என்றாள்.

"என்ன நல்லவேள?"

"கிரைண்டர்தான் ஓடுதே. கடைக்காரர் இல்லன்னு சொன்ன அடுத்த மாசமே இனாயத் பாய் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. 'கெபாசிட்டர்தாம்மா பூட்ச்சு, மோட்டாரு ஷோக்கா கீது'ன்னாரு. அஞ்சு நிமிஷ வேல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேங்க. எழுதும்போது பேசாதன்னு கைய காட்டினீங்க. ரெண்டு வருஷமா எந்த மாவுல இட்லி தின்னீங்க?"

ஆழ்வார்பேட்டையில் வாங்கும் பாக்கெட் மாவு என்றுதான் நினைத்திருந்தேன். அதைப் பற்றி, கடை மாவு நம் வீட்டு மாவுபோல வராது என்று அவளிடமே பலமுறை குறைப்பட்டிருக்கிறேன். அது போகட்டும். 'மேற்படி இயந்திரம் இயங்கா நிலையில் சமையலறையில் கிடக்கிறது' என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேனே! ஜெயித்திருந்தால் பொய்ச் சத்தியத்தால் ஜெயித்தவனாகியிருப்பேன். சமையலறைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் சத்தியம் செய்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் ஸ்வர்ணலதா, மதுரைப் பக்கத்துப் பேராசிரியை. அதிகம் பேசாதவர். நூலகத்தைப் பார்த்தார், மாதிரி நீதிமன்றத்தைப் பார்த்தார், நாற்காலியின் வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என் அறையில் உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டி, இருபத்தேழாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"வெற்றிகரமா வாதாடினீங்கன்னு போட்டிருக்கு. என்ன கேஸ் சார்?"

பதிவாளர் பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். 'நுகர்வோர் உரிமை சம்பந்தமானது' என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கலாம். போயிருப்பேன், ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால். ஆனால் சமையலறையைப் பற்றி ஒரு பொய் எழுதிக் கொடுத்தாயிற்று, இன்னொன்றைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

"தோத்துட்டேன் மேடம். இத அச்சடிச்ச பிறகுதான் விசாரணை நடந்தது" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். பதினோரு நாள், விக்கல், இட்லி எதையும் விடவில்லை. பதிவாளரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. குழுவில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. "அந்த வக்கீல் பொண்ணு உங்க மாணவிதானே?"

"ஆமா மேடம்."

"நாப்பது பக்கத்துல அவங்க பேரு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. என் பேர் பத்தொன்பது இடத்தில் இருந்தது. அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார்.

போன தடவை கிடைத்த அதே தரம்தான் இந்தத் தடவையும் வந்தது. 'துறைத் தலைவர் வெளிப்படையானவர்' என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்கள். இதற்குமுன் யாருக்கும் அப்படி எழுதியதில்லை என்று பதிவாளர் சொன்னார். பாராட்டுகிற குரலில் சொல்லவில்லை.

அனுப்ரியாவுக்கு நானே போன் செய்தேன். சனிக்கிழமைகளில் மனு எழுதக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். "வர்றேன் சார். ஆனா கற்பனை கேஸ் வேணாம். நிஜமா பிரச்சினை உள்ளவங்கள கூட்டிட்டு வருவேன். பசங்க அவங்ககிட்ட கேட்டு எழுதணும். ஒரே பக்கம்தான்."

முதல் சனிக்கிழமை அவள் கூட்டிவந்தது பாஞ்சாலி என்ற அம்மாளை. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவர். வாங்கிய பத்தாம் நாளே செல்போன் செத்துவிட்டது, கடைக்காரன் மாற்றித்தர மாட்டேன் என்கிறான். பாஞ்சாலி நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "அவன் இன்னா சொல்றான்னா, நானு மீன் தண்ணில போட்டுட்டேனாம்! போனை எங்கனா மீனு கூட வைப்பாங்களா? ரவிக்கைல வச்சிக்கினு கீறேன் நானு" என்றார். மாணவர்கள் வேகமாக எழுதினார்கள். ராகேஷ் என்ற மாணவன் எழுதியதைத்தான் அனுப்ரியா தேர்ந்தெடுத்தாள். அன்று விக்கல் எடுத்தவன் அவன்தான். பதினாறு வரி நோட்டீஸ். ரோம் எதுவும் இல்லை. வாங்கிய தேதி, மறுத்த தேதி, வேண்டியது என்ன. அவ்வளவே. நோட்டீஸ் போன ஆறாம் நாள் பாஞ்சாலிக்குப் புதுப் போன் கிடைத்துவிட்டது.

ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. நோட்டீஸை மூன்று பிரதி எடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் வேலையாக இருந்ததால் நானே ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போய்வந்தேன். பாஞ்சாலி பிரதியை வாங்கி மடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இங்க இன்னா வேல பாக்குற நைனா?"

"இந்தத் துறைக்குத் தலைவர்மா."

"அப்டியா?" என்று வகுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "புள்ளைங்கோ காலீல இருந்து குந்திக்கினு எழுதுதுங்கோ. போயி எல்லாத்துக்கும் டீ சொல்லேன்."

போய்ச் சொன்னேன்.