இரண்டு எடிட்டர், ஒரு நாற்காலி

மேனேஜர் ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ‘புதியவர்’ என்றும் வலப்பக்கம் ‘கைதேர்ந்தவர்’ என்றும் எழுதியபோதே தான் எந்தப் பக்கம் என்று மின்னலக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

“புரோகிராம் எழுதித் தர ரெண்டு ஏஐ எடிட்டர் வாங்கியிருக்கோம். ஒண்ணு புதுசா கத்துக்கறவங்களுக்கு, இன்னொண்ணு உங்களை மாதிரி கோட்லயே குடியிருக்கிறவங்களுக்கு. இந்த அண்ணனும் நீங்களும் ஒரே வேலையை ஆளுக்கு ஒண்ணுல செஞ்சு பாருங்க. எது நமக்குத் தோதுன்னு வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்களே ரிப்போர்ட் குடுங்க” என்றவர், மேசையைப் பார்த்துக்கொண்டே சேர்த்தார்: “அடுத்த மாசத்திலேருந்து இந்தப் பிரிவுல ஒருத்தருக்குத்தான் இடம்.”

பதினெட்டு வருஷமாக, மருந்துகளை வாங்கி விநியோகிக்கும் அந்தக் கம்பெனியின் புரோகிராம்களை எழுதியவள் அவள். கீபோர்டில் விரல் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான் மின்னலக்கா என்று பெயர் வைத்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் குடோன் அண்ணன். பெட்டிகளை அடுக்கி, எண்ணி, லாரியில் ஏற்றியே தலை நரைத்தவர். குடோனுக்கு இயந்திரம் வந்ததில் அவர் வேலை போய், ‘புதியவர்’ என்று இந்தச் சோதனையில் வந்து உட்கார்ந்திருந்தார். மவுஸைப் பிடிக்கும்போது இன்னும் மூச்சை அடக்கிக்கொள்கிற மனிதர்.

அவரோடு போட்டி என்றால் யாரும் சிரிப்பார்கள். மின்னலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கணவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்தச் செலவு முழுக்கக் கம்பெனிக் காப்பீட்டில் ஓடியது. இந்த நாற்காலி போனால் அதுவும் போகும். அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவே அவளுக்குப் பயம்.

வேலை இதுதான். அன்றன்று லாரியில் போகவேண்டிய பெட்டிகளின் பட்டியலைப் புரோகிராம் போட வேண்டும். சீக்கிரம் காலாவதி ஆகிற பெட்டி முதலில், காலாவதி ஆனது ஒருபோதும் கூடாது. பழைய புரோகிராமில் எங்கேயோ பிசகு இருந்தது.

கைதேர்ந்தவர்களின் எடிட்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகணும், சரி பண்ணு” என்று அவள் எழுதியதும் அது முப்பது ஃபைல்களில் புகுந்து புறப்பட்டது. திரை முழுக்கப் பச்சை, அதாவது எல்லா டெஸ்ட்டும் பாஸ். ‘அனைத்தையும் ஏற்றுக்கொள்’ என்ற பொத்தானை வழக்கம்போலத் தட்டினாள். மொத்தம் நாற்பது நிமிஷம். புகழ்ந்து வைத்த பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று அவளுக்கு யார் சொல்வது?

குடோன் அண்ணனுக்கு நாலு நாள் ஆனது. அவருடைய எடிட்டர் அடிக்கு ஒரு கேள்வி கேட்டது. ‘பெட்டியில் தேதி எப்படி அச்சாகியிருக்கும்? முதலில் வருவது நாளா, மாதமா?’ அவர் ஒவ்வொரு கேள்விக்கும் குடோனுக்கு இறங்கிப் போய், பெட்டியைப் புரட்டிப் பார்த்து வந்து, இரண்டு விரலால் பதில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு தாளோடு வந்தார்.

“ஏம்மா, உன் லிஸ்ட்டுல இந்தப் பெட்டி வருதே. தேதி 05/09, வருஷம் இதேதான். செப்டம்பர் அஞ்சுன்னு எடுத்துக்கிச்சு போல. இந்தக் கம்பெனிக்காரன் மாசத்தைத்தான் முன்னாடி போடுவான். இது மே ஒம்பது. முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு.”

புரோகிராம் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் வரிகளை அவள் திறந்தாள். ‘காலாவதியான பெட்டி பட்டியலில் வரக்கூடாது’ என்று அவளே என்றோ எழுதிய வரி. எடிட்டர் புரோகிராமைச் சரிசெய்ய வழி தெரியாமல், அந்த வரியை மாற்றிப் பச்சையாக்கியிருந்தது. அவள் பார்க்காமலே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லல. நீயே பார்த்துக்கோ” என்று தாளை வைத்துவிட்டுப் போனார்.

அந்த நல்ல மனசுதான் அவளைக் கொன்றது. அவர் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவரைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அந்த ஒரு கம்பெனியின் தேதியை மட்டும் பத்து நிமிஷத்தில் சரிசெய்தாள். ரிப்போர்ட்டின் வலப்பக்கத்தில் ‘நாற்பது நிமிடம், பிழை இல்லை’ என்று எழுதினாள். இடப்பக்கத்தில் ‘நான்கு நாள், ஓயாமல் கேள்வி கேட்கிறது’. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. அண்ணன் வைத்துவிட்டுப் போன தாளை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் அனுப்பினாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். “அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து அவர் வரவேண்டாம். இன்னிக்கு லாரி உங்க லிஸ்ட்டுலதான் கிளம்புது. இனிமே யாரும் சரிபார்க்கத் தேவையில்லைல்ல?”

“இல்ல சார்” என்றாள். வாசலுக்கு வந்ததும் நின்றாள். அவள் சரிசெய்தது ஒரு கம்பெனி. மருந்து தருவது பதினோரு கம்பெனி. மற்றவர்கள் தேதியை எப்படிப் போடுகிறார்கள்? பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு பெட்டியைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

படிகளில் ஓடினாள். லாரி பாதி ஏறியிருந்தது. ஏறி, கைக்குக் கிடைத்த பெட்டியைத் திருப்பினாள். 04/08. அதில் இருந்த ஊசிமருந்தின் பெயர் அவளுக்கு மனப்பாடம். அவள் கணவனுக்கு டயாலிசிஸின்போது ஏற்றுவது. ஏப்ரல் எட்டா? ஆகஸ்ட் நாலா? எத்தனை முறை படித்தாலும் எண்கள் எண்களாகவே இருந்தன.

குடோன் அண்ணன் தம் சாப்பாட்டுப் பையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே!” அது கூப்பாடு இல்லை, ஓலம். அவர் திரும்பி ஓடி வந்தார். அவள் பெட்டியை நீட்டினாள். “இதுல எது முன்னாடிண்ணே? நாளா, மாசமா?”

“இவனா? மாசம்தாம்மா. ஏப்ரல்ல முடிஞ்சுடுச்சே, இது எப்படி வண்டிக்கு வந்துச்சு?” பையைக் கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறினார். ஒவ்வொன்றாகப் புரட்டி ஏழு பெட்டிகளை இறக்கினார். அவள் அழுதுகொண்டே வாங்கி வைத்தாள். அவர் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

“விடும்மா. வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலன்னு எனக்குத் தெரியாதா? நான் எங்கேயாவது மூட்டை தூக்கிப் பொழைச்சுக்குவேன். நீ மேல போ.”

“நீங்களும் வாங்கண்ணே.” ஏழாவது பெட்டியை இடுக்கிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தபடி படியேறினாள்.

மேனேஜர் அறையில் ஏழாவது பெட்டியை மேசைமேல் வைத்தாள். “சார், நான் குடுத்த ரிப்போர்ட் பொய். பிழையை மறைச்சது நான். இவர் காலையிலேயே காட்டினார்.” நாற்பது நிமிஷத்தையும், மாற்றப்பட்ட டெஸ்ட்டையும், பத்து நிமிஷத் திருட்டையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மேனேஜர் பெட்டியைத் திருப்பித் தேதியைப் படித்தார். பிறகு ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“அப்போ நேரா கேக்கறேன். இடம் ஒண்ணுதான். இந்த வேலைக்கு அண்ணனும், கேள்வி கேக்கற அந்த எடிட்டரும் போதுமா?”

“இல்லீங்க சார், எனக்கு என்ன தெரியும்...” என்று குடோன் அண்ணன் பதறிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

“போதும் சார்.”