நிகோராவின் வண்டிச் சத்தம்

பத்து மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் என் தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தாக வேண்டும். கிஸ்போர்ன் நகரத்தை விட்டுக் கிளம்பும்போது என் மண்டையில் வேறு எதுவுமே இல்லை.

செய்தியைப் பெரியப்பா பராயாதான் ஃபோனில் சொன்னார். "நிகோரா போயிட்டாம்மா ஹூரியா. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை அடக்கம். நம்ம இடுகாடு ஆத்துக்கு அந்தப் பக்கம்னு உனக்குத் தெரியும்ல. கடல் வத்தி இருக்கும்போதே முகத்துவாரத்தத் தாண்டிடணும். பத்து மணிக்கு மூடினாத்தான் சரியா இருக்கும். நீ நாளைக்கே வந்துரு."

எங்கே வர? அன்று ராத்திரியே புயல். மலை சரிந்து கடற்கரைச் சாலையில் உட்கார்ந்துகொண்டது. ஃபோன் கோபுரமும் விழுந்தது. இரண்டு நாள் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தே செத்தேன். என் உடன்பிறந்தவன் எங்கள் குலத்தின் பொதுக்கூடமான மராயேயின் முன்முற்றத்தில் திறந்த பெட்டியில் கிடக்கிறான், சுற்றி உட்கார்ந்து எவரெவரோ அழுகிறார்கள், கூடப்பிறந்தவள் நான் இங்கே ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயிறு எரியாதா?

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், சாலையில் ஒற்றைத் தடம் மட்டும் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நான் வருகிறேன் என்று ஊருக்குச் சொல்ல வழியில்லை. ரோடு அடைத்துக் கிடக்கிறது, அவள் வரமாட்டாள் என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

என்னிடம் இருந்த வண்டியோ அந்த ஜப்பான்காரக் கூபே. முப்பது வயதாகிவிட்ட இரண்டு கதவு வண்டி. மூக்கு தரையை முகர்ந்துகொண்டே போகும். பின்னால் துணி காயப்போடலாம் என்பதுபோல் ஒரு இறக்கை. விளக்குகள் மூடிக்குள்ளிருந்து எழும்ப வேண்டும், இடது கண் மட்டும் எழும்பாது. நிகோரா இளவட்டமாக இருந்தபோது வாங்கியது. ஊரோடு போய் இருக்கப்போகிறேன் என்று அவன் கிளம்பியபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஐம்பத்துமூன்று வயதில், பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கப் போகும் நான், சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிப் பையன்கள் ஆக்சிலேட்டரை மிதித்துப் பந்தயத்துக்குக் கூப்பிடுவார்கள். கருமம். ஆனால் வேறு வண்டி வாங்க வக்கில்லை, இதுவும் ஒரு நாளும் நடுத்தெருவில் விட்டதில்லை.

அதில் இன்னொரு கூத்து உண்டு. சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது. நாம் பூட்டிவிட்டு நடந்துபோன பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, அதுவாக அணையும். டர்போ சூடாக இருக்கும்போது சட்டென்று அணைத்தால் கெட்டுவிடுமாம், அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருந்தான். "ஓடி வந்த மனுசன் மாதிரிக்கா. மூச்சு வாங்க விடு" என்பான். கடை வாசலில் யாராவது தினமும், "அம்மா, வண்டிய ஓடவிட்டுட்டுப் போறீங்க" என்று பின்னாலேயே வருவார்கள். கையிலிருக்கும் சாவியை ஆட்டிக் காட்டி எனக்கு அலுத்துவிட்டது.

சத்தமோ, கேட்கவே வேண்டாம். சைலன்சர் என்று பெயருக்கு ஒரு குழாய். தகுதிச் சோதனை வரும்போதெல்லாம் நிகோரா ஊரிலிருந்து வந்து அதைக் கழற்றிவிட்டு அமைதியான ஒன்றை மாட்டுவான். சோதனை முடிந்து சான்று ஒட்டியதும் மறுபடி பழையது. போன மாதமும் அமைதியானதை மாட்டினான். "அடுத்த வாரம் வந்து மாத்திடுறேன்க்கா. அதுவரைக்கும் பாவம், வாயப் பொத்திக்கிட்டு ஓடட்டும்" என்றான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

மராயேவுக்குத் தனியாகப் போகக்கூடாது. உள்ளேயிருந்து பெண்குரல் அழைத்தால், வருகிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் பதில் பாட வேண்டும். எனக்குக் குரல் கிடையாது. அதனால் ஒன்றுவிட்ட அக்கா பெர்லைக் கூட்டிக்கொண்டேன். பெர்ல் அக்கா பெரிய உடம்புக்காரி. கறுப்பு உடையும் தலையில் துக்கத்துக்கான பச்சை இலை வளையமுமாக அந்தப் பள்ளத்து சீட்டில் இறங்குவதற்குள் அவள் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டாள்.

"என்னடி இது, சவப்பெட்டியே இதவிட வசதியா இருக்குமே."

"அக்கா, வாய மூடிட்டு கதவ மூடு."

"பயப்படாதடி. போய்ச் சேந்துடலாம்."

பாதி வழி நன்றாகத்தான் வந்தோம். அப்புறம் அந்தச் சரிவு. ஆரஞ்சுச் சட்டை போட்ட தாடிக்காரர் ஒருவர் 'நில்' பலகையை என் மூக்குக்கு முன்னால் நட்டுக்கொண்டு நின்றார்.

"ஃபோர்வீல் வண்டி மட்டுந்தாம்மா. இது வயித்துல தேச்சுக்கிட்டு நடுவுல நிக்கும். திரும்பிடுங்க."

"என் தம்பி அங்க பெட்டியில கிடக்கான். பத்து மணிக்கு மூடிடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிப் போய் இறக்கையைப் பார்த்தார். "இது நிகோரா வண்டியில்ல?"

"ஆமா."

"சத்தத்தயே காணோமே. அதான் எனக்கு அடையாளம் தெரியல." தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். "எம் பொண்ண கல்யாணத்துக்கு இதுலதான் கூட்டிட்டு வந்தான். வளைவுக்கு அந்தாண்ட வரும்போதே ஊர் பூரா வாசலுக்கு வந்துடுச்சு." அப்புறம் பலகையைப் 'போ' பக்கம் திருப்பினார். "மண்ணு தள்ளுற வண்டி போன தடத்துலயே சக்கரத்த வைங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க. அந்த அக்கா இறங்கி நடந்து வரட்டும்."

"நான் இருந்தா வண்டி புதைஞ்சிடும்னு நேராவே சொல்லுய்யா" என்றாள் பெர்ல். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கை கொடுத்து அவளை வெளியே எடுத்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் சேற்றில் அவள் நடந்தாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இடப்பக்கம் மலை ஒழுகிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் ரோடே இல்லை, கீழே கடல். அடியில் கல் உரசும் ஒவ்வொரு தடவையும் என் முதுகெலும்பிலேயே உரசிய மாதிரி இருந்தது. தாண்டிவிட்டேன் என்று மூச்சு விட்ட நொடியில் பின்பக்கம் 'டமார்' என்றது. அப்புறம் இரும்பு தாரில் இழுபடும் சத்தம்.

இறங்கிக் குனிந்து பார்த்தால் சைலன்சர் முன்முனையில் அறுந்து, பின்னாலிருந்த ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் புத்தி கெட்டுப்போனேன். அப்படியே பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் துக்க வீட்டுக்கு இரைந்துகொண்டு போவதா என்று யோசித்துவிட்டேன். பெரியப்பாவின் சட்டம் அப்படி. ஊர்ப் பாலம் வந்ததும் நிகோரா இன்ஜினை அணைத்துவிட வேண்டும், அங்கிருந்து மராயே வரை தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். எத்தனையோ முறை வேர்வை வழிய, சிரித்துக்கொண்டே தள்ளியிருக்கிறான். அவன் சாவுக்கே நான் அந்தச் சட்டத்தை மீறினால் என்ன மரியாதை?

வேலியிலிருந்து ஒரு கம்பியை உருவினேன். துக்க உடையோடு சேற்றில் மல்லாந்து படுத்து, குழாயைத் தூக்கிப் பிடித்துக் கட்டினேன். சூடு பொசுக்கியது. ஒரு சுற்று சுற்றினால் மறுபக்கம் சரிந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி சரிந்தது. பெர்ல் வந்து சேர்ந்து, என் கால்மாட்டில் நின்றாள்.

"ஹூரியா, மணி ஒம்பது தாண்டிடுச்சு."

"இதோ ஆச்சுக்கா."

"என்னடி ஆச்சு? நீ போய்ச் சேரும்போது அவங்க மண்ணு தள்ளிட்டு வந்து கை கழுவிட்டு இருப்பாங்க. மரியாத பெருசா, தம்பி மூஞ்சி பெருசா?"

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அடியில் படுத்தபடியே கத்தினேன், அவளையா, குழாயையா, சொல்லாமல் கொள்ளாமல் போன அந்தப் பயலையா, தெரியவில்லை. பிறகு வீல் ஸ்பேனரை எடுத்து நெம்பி ரப்பரைக் கழற்றினேன். சைலன்சர் தொப்பென்று விழுந்தது. பெர்ல் அதைச் சாலையோரத்துக்கு உதைத்தாள்.

சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. நிகோரா மாட்டிவைத்திருந்த பழைய குழாயைவிடக் கொஞ்சம் கரகரப்பு, ஆனாலும் அதே குரல். தோப்பிலிருந்து பறவைகள் கலைந்து பறந்தன.

"வந்துட்டாண்டி" என்றாள் பெர்ல் மெதுவாக.

நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். வளைவுகளில் பின்சக்கரம் வழுக்கியது. பெர்ல் ஒரு கையால் இலை வளையத்தையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை முணுமுணுத்தாள், நடுநடுவே என்னைத் திட்டினாள்.

கடைசி மேட்டில் ஏறியதும் விரிகுடா முழுவதும் தெரிந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மராயே. சாலை கரையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் ஈரமாக மின்னியது, கடல் வற்றித்தான் இருந்தது. முற்றத்தில் கறுப்பாக எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். எழுந்து நின்றிருந்தார்கள் என்றால் அர்த்தம் ஒன்றுதான்.

"அக்கா, மூடப் போறாங்க."

"ஹாரன் அடி."

"துக்க வீட்டுக்கா?"

ஹாரன் யாருடைய வண்டியில்தான் இல்லை? அந்தத் தூரத்துக்கு அது எட்டவும் எட்டாது. கீழே பாலம் வந்தது. அணைக்க வேண்டிய இடம். பெரியப்பா, என்னை மன்னிச்சிடுங்க என்று வாய்விட்டுச் சொன்னேன். கியரை இரண்டுக்கு இறக்கி, கால் தரையைத் தொடும்வரை அமுக்கினேன். வண்டி அலறியது. பாலத்தில் பட்டு, தண்ணீரில் பட்டு, மலையில் மோதித் திரும்பி வந்தது. பெர்ல் காதைப் பொத்திக்கொண்டாள். கரை நெடுக நான் காலை எடுக்கவேயில்லை.

மராயேயின் வாசலுக்கு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியை உருவி, பெர்லை வெளியே இழுத்தேன். வாசலைத் தாண்டி நாமாக உள்ளே போகக்கூடாது. உள்ளேயிருந்து அவர்கள் கூப்பிட வேண்டும். ஒருவேளை எல்லாம் முடிந்திருந்தால்?

பெர்ல் நிமிர்ந்து நின்று வளையத்தைச் சரிசெய்வதற்குள் குரல் வந்துவிட்டது. அத்தை வைமாரியாவின் குரல், நீளமாக, உடைந்து. வா மகளே, தம்பியைத் தேடி வந்தவளே, வா என்று இழுத்துப் பாடினாள். சேற்றுக் காலோடு பெர்ல் பதில் பாடினாள். அந்தக் குரலைக் கேட்டதும் கூட்டம் நடுவில் விலகியது.

பெட்டி திறந்தே இருந்தது. பெரியப்பா பராயா மூடியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மூடி கையில தூக்கியாச்சும்மா" என்றாள் அத்தை, என்னைக் கட்டிக்கொண்டு. "பாலத்துல சத்தம் கேட்டுச்சு. இது நம்ம புள்ள வண்டி, மூடாதீங்க, அவ வராள்னு நாந்தான் சொன்னேன்."

நான் அவன் மேல் விழுந்தேன். குளிர்ந்த நெற்றியில் நெற்றியை வைத்தேன். தலையை வாரி வைத்திருந்தார்கள், அவன் வாழ்நாளில் செய்யாத காரியம். கையைப் பிடித்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நகத்தில் கிரீஸ் இல்லை. அழுக்கு முழுக்க என் நகத்தில் இருந்தது. "மாத்திக் குடுக்க வரேன்னு சொன்னியேடா" என்றேன். "நானே கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன் பாரு." பிறகு என்ன சொல்லி அழுதேன் என்று எனக்கே தெரியாது.

பெட்டி தூக்குகிறவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "பெரியப்பா, தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சு."

"ஏறட்டும். நனைஞ்சா நனைஞ்சிட்டுப் போங்க."

பக்கத்தில் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். "அக்கா, வண்டி ஓடிட்டே இருக்கு. ஆஃப் பண்ண மறந்துட்டீங்க."

என் உள்ளங்கையில் சாவி இருந்தது. நான் காட்டுவதற்குள் பெரியப்பா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "விடும்மா. அவன் அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கான். அதுவா நிக்கும்."

பாலத்திலேயே அணைக்கச் சொல்லி இத்தனை வருஷம் அவனை விரட்டிய மனுஷர் மூடியைப் பிடித்தபடி காத்திருந்தார். வாசலில் அந்த வண்டி மட்டும் தடதடவென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் அவன் கையை விடவில்லை. பிறகு வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அலைச்சத்தம் கேட்டது.

"சரி" என்றார் பெரியப்பா. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

முகத்துவாரத்தைத் தாண்டும்போது தூக்கினவர்களுக்கு இடுப்பு வரைக்கும் தண்ணீர் இருந்தது. பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.