சூடு பார்க்கிற வேலை

வட்டாரக் குழுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம். ஹேக்லண்ட் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது வருடம் நெவாடா பாலையில் கொயோட்டி நரிகளின் பின்னால் அலைந்த விஞ்ஞானி. ஓய்வுபெற்ற பிறகும், ஆதாரத்தைக் காட்டினால் மனிதர்கள் மனம் மாறுவார்கள் என்ற மூடநம்பிக்கை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

கேட்டது சின்ன விஷயம்தான். மார்ச் கடைசியில் நடக்கும் கொயோட்டி சுடும் போட்டிக்கு வட்டாரப் பொருட்காட்சி மைதானத்தைக் கொடுக்காதீர்கள். அதிகம் கொன்றவருக்குத் துப்பாக்கி பரிசு. அவர் இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

போட்டியை நடத்தும் லவெர்ன் டட்டன் எழுந்தாள். கையில் ஹேக்லண்டின் பழைய ஆய்வுக் கட்டுரை.

"நான் சொல்லல, டாக்டர் எழுதினது. பாதிக்கு மேல கொன்னாலும் மிச்சமிருக்கிறது கூடுதலா குட்டி போட்டு ஈடுகட்டிடுமாம். அப்ப எங்களால என்ன நஷ்டம்?"

"அதைத்தானே நானும் சொல்றேன். கொன்னு பிரயோஜனமில்ல. கொயோட்டிகிட்டேர்ந்து கன்னுக்குட்டியக் காப்பாத்தறோம்னு நீங்க சொல்றது..."

"உங்க நேரம் முடிஞ்சுது டாக்டரே," என்றார் குழுத் தலைவர் ஓர்வில்.

"இந்தக் கட்டுரைக்காக எத்தனை கொன்னீங்க?" லவெர்ன் விடவில்லை.

அதற்கு மட்டும் நேரம் கொடுத்தார்கள்.

"நானூத்திப் பன்னெண்டு." பொய் சொல்லப் பழகாதது அவர் தொழிலின் சாபக்கேடு.

"ஊரே சேர்ந்து பத்து வருஷத்துல அவ்வளவு சுடலியேப்பா," என்றது பின்வரிசை. சபை சிரித்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போட்டி நடக்கும், டாக்டரின் கவலையை மதித்து, விஞ்ஞான மேற்பார்வையோடு. போன வருடம் எவனோ முன்பே சுட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததைக் கொண்டுவந்து பரிசைத் தட்டிப்போன மானக்கேடு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்குச் சுட்டதுதானா என்று பார்த்துச் சொல்லப் படித்த ஆள் வேண்டும்.

"உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?" ஓர்வில் அவர் தோளில் கைபோட்டார். "தப்பா இருந்தா நீங்களே தள்ளிடலாம்."

நிறையத் தள்ளினால் போட்டியின் பெயர் நாறும், அடுத்த வருடம் நடக்காது என்று நினைத்துத்தான் ஹேக்லண்ட் தலையாட்டினார்.

சனிக்கிழமை மதியம் மைதானத்தில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டின. ஹேக்லண்ட் முதல் கொயோட்டியின் தாடையைத் திறந்து வெப்பமானியைச் செருகினார். காலையில் உயிரோடு இருந்ததுதான். அடுத்ததும் அப்படியே. இருபத்தாறு உடல்கள், ஒன்றில்கூடத் திருட்டு இல்லை. அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஊரே யோக்கியமாகிவிட்டிருந்தது.

இருபத்தேழாவது ஒரு பெட்டை. வயிற்றில் கை வைத்தார். சினை. உள்ளே ஆறேழு உருண்டைகள் தட்டுப்பட்டன.

"சூடு இருக்கா டாக்டரே?" லவெர்ன் பேனாவோடு காத்திருந்தாள்.

அவர் கையை எடுக்கவில்லை. வண்டிகள் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. வரிசையின் பின்னாலிருந்து யாரோ, மிகுந்த மரியாதையோடு, ஒரே ஒரு முறை ஹாரன் அடித்தார்.