லான்சியு வெளியே நின்றாள்

எங்கள் வட்டவீட்டில் முப்பது குடும்பம் இருந்தாலும் வாசல் ஒன்றுதான். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டிய மண்கோட்டை அது.

அந்த ஆண்டு புகையிலை அறுவடையின்போது அவர்கள் மலையிறங்கினார்கள். வயலில் நின்றவர்கள் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். குடும்பப் பெரியவர் தெங்ஃபா கதவைச் சாத்தச் சொன்னார். அவருடைய தம்பி மகன் கைஷுன் குறுக்குக்கட்டையைப் போட்டான். போட்ட பிறகுதான் வெளியே அவன் மனைவி லான்சியுவின் குரல் கேட்டது. பன்றிக்குத் தழை அறுக்கப் போயிருந்தாள்.

"என்னங்க, நான்தான்! கதவத் திறங்க!"

கைஷுன் கட்டையை எடுக்கக் கை வைத்தான்.

"ஒருத்திக்காக எல்லாரையும் காவு குடுப்பியாடா?" என்றார் தெங்ஃபா.

கதவைத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

மறுநாள் கொள்ளையர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபின் கதவைத் திறந்தார்கள். லான்சியு எருக்குழியிலிருந்து எழுந்து வந்தாள். கழுத்துவரை சாணி. ஓடையில் குளித்துவிட்டு நேரே கோட்டைக்கு வெளியே இருந்த புகையிலைக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஓரகத்தி குயிஷியாங் வந்து கூப்பிட்டாள். "வீட்டுக்கு வா தங்கச்சி. வெந்நி போட்டு வச்சிருக்கேன்."

"இங்கயே கொண்டாந்துருங்கக்கா."

வட்டவீட்டில் ஒரு மாடத்தில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும். "ராத்திரி முழுக்க வெளிய கெடந்தவ. அவனுங்க சும்மாவா விட்டிருப்பானுங்க?" என்றாள் ஒருத்தி. அது கைஷுன் காதிலும் விழுந்தது.

கடைசியில் தெங்ஃபாவே கொட்டகைக்குப் போனார்.

"நான் செஞ்சதுல தப்பில்லம்மா. நாளைக்கே திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன்."

"தெரியும் பெரிய மாமா. அதான் உள்ள வரல."

அவர் திரும்பி நடந்தார்.

கைஷுன் தினமும் சோறு கொண்டுபோனான். வாங்கிச் சாப்பிடுவாள், பேசமாட்டாள். பனி தொடங்கியதும் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றான்.

"கட்டையில கை வச்சீங்களா?"

"வச்சேன்."

"பெரிய மாமா புடிச்சு இழுத்துட்டாராக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. நானாத்தான் கைய எடுத்தேன்."

அவள் வைக்கோலை ஒதுக்கி இடம் விட்டாள். "அந்தப் பக்கமாப் படுங்க. என்மேல கை படக்கூடாது."

அந்தக் குளிர்காலம் அப்படியே கழிந்தது. பின்னால் கொட்டகையை இடித்துச் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகள் வட்டவீட்டுக்குள் வந்து எங்களோடு விளையாடுவார்கள். அவள் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

தெங்ஃபா செத்தபோது வெள்ளை உடுத்தி வந்து வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். சவப்பெட்டி வெளியே வந்ததும் மண்ணில் நெற்றி பட விழுந்து, சொந்த மாமனாருக்கு அழுவதுபோல அழுதாள்.

"உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றாள் குயிஷியாங்.

"வேணாங்க்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடந்தாள்.