சுவரோரம் மிஞ்சிய கிடார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் ஓரம் தேய்க்கிற சக்கரத்தை நிறுத்திவிட்டு அவள் ஹெட்ஃபோனை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். பாட்டு அவளுடையது. எழுதியது, பாடியது, கிடார் வாசித்தது எல்லாம் அவள்தான். டிரம்ஸ் தம்பி, பேஸ் கிடார் தம்பி மனைவி. மொத்தமே மூன்று பேர். ஆனால் காசெட்டில் நாலாவதாக யாரோ ஒருவர் தன்பாட்டுக்கு இன்னொரு கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஆள் நகலெடுத்துக் கைமாற்றுகிற காசெட்டுகளில்தான் அவர்கள் பாட்டு பரவியது. கேட்டவர்கள் சொல்லிவைத்தாற்போல் அந்த இரண்டாவது கிடாரைத்தான் மெச்சினார்கள். ஞாயிற்றுக்கிழமை தன் சின்ன அரங்கில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தவரும், "ரெண்டு கிடாரும் வரணும். இல்லேன்னா வேற குழுவைப் பார்த்துக்கிறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு அமைந்த முதல் மேடை அது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஜாங்கிள் பாப் என்கிற இந்த வகைக்கு உயிரே அந்தக் கிணுகிணுப்புதான். கிடாரில் மேல் ஸ்தாயிக் கம்பிகள் இரண்டை விரலால் அழுத்தாமல் திறந்தே விட்டுவிட வேண்டும். கீழே கை எத்தனை இடம் மாறினாலும் அந்த இரண்டும் ஓயாமல் ஒலிக்கும். அதோடு இன்னொரு கிடார் மயிரிழை சுருதி விலகிச் சேர்ந்தால் போதும், சாவிக்கொத்தை வெயிலில் குலுக்கினாற்போல இருக்கும்.

"அண்ணி, நம்ம வீட்டு மெஷின்ல போட்டா ஒரு கிடார்தான் கேக்குது," என்றாள், தம்பியோடு கடைக்கு வந்திருந்த அவன் மனைவி. "நகல்ல மட்டும் ரெண்டு."

"பேய் வந்து வாசிக்குது போல," என்றான் தம்பி. "பரவால்ல, தாளம் தப்பாத பேய்."

"நீ வாசிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்," என்றாள் அவள்.

சிரித்து முடித்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. அவர்களுடைய ரெக்கார்டர் நாலு தடம் பதிகிறது. காசெட் நாடாவின் அகலத்தை நாலு ஓடையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாத்தியத்தைப் பதியும். ஒரு ஓடையில் புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். ஆனால் நாடாவை உரசிப் பதிகிற, அழிக்கிற, படிக்கிற தலைகள் துளி மேலே ஏறியிருந்தால் ஓடையின் ஓரத்தில் பழைய ஒலி ஒரு கோடாகத் தங்கிவிடும். துடைப்பம் சுவரோரம் எட்டாத அறை மாதிரி. தலைகள் மொத்தமாக ஏறிப்போன அதே மெஷினுக்கு அந்தக் கோடு எட்டாது. தலை சரியாக இருக்கிற மெஷின் இரண்டையும் சேர்த்துப் படித்துவிடும். நகலெடுத்தது தம்பியின் நண்பன் வீட்டில் இருந்த இன்னொரு நாலு தட மெஷினில்.

தலையை ஏற்றியது அவளேதான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு திருகாணியை இறுக்கியிருந்தாள். எப்போது என்பதுதான் நினைவில்லை.

அங்கேதான் சிக்கல். அந்த ஓடையில் முதலில் வாசித்தவர் அத்தான், அவள் அக்கா கணவர். "இவ்வளவு அலங்காரம் வேண்டாம், எளிமையா வாசிங்க அத்தான்," என்று அவள் சொல்லப்போக, "அப்ப நீயே வாசிச்சுக்கோ" என்று கோபித்துக்கொண்டு போனவர் குழுப் பக்கமே தலைகாட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் வாசித்ததன் மேலேயே அவள் ஒருமுறை வாசித்தாள், பிடிக்காமல் மறுபடியும் வாசித்தாள். அத்தானுக்குப் பின்னால் திருகாணியை இறுக்கியிருந்தால் மிஞ்சியவர் அவர். தன் முதல் வாசிப்புக்குப் பின்னால் என்றால் மிஞ்சியது அவளே. கேட்டுக் கேட்டுக் காது புளித்ததுதான் மிச்சம். அந்தக் கை அவ்வளவு நிதானமாக இருந்தது. தன் கைக்கு அந்தப் பொறுமை ஏது, அத்தானாகத்தான் இருக்கும் என்று கடைசியில் தோன்றியது. வீம்பை மென்று விழுங்கிவிட்டுக் கிடாரைத் தோளில் மாட்டினாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க கொழுந்தியாளே. படியேறியா வந்தீங்க?"

"லிஃப்டைத்தான் நீங்க நிறுத்தி வெச்சிருக்கீங்களே."

கையைத் துடைத்துக்கொண்டு ஹெட்ஃபோனை வாங்கினார். கேட்டார். திரும்ப ஒருமுறை கேட்டார்.

"இது நான் இல்லம்மா."

"நீங்கதான் அத்தான்."

"இவ்வளவு எளிமையா நான் என்னைக்கு வாசிச்சேன்? அதுக்குத்தானே சண்டையே. இது நீ. அந்தத் தயக்கத்தைக் கேளு, தாள அடிக்கு ஒரு நூல் பிந்தி வர்றது."

"நான் பிந்த மாட்டேன். முந்திக்கிட்டுதான் ஓடுவேன். தம்பியக் கேளுங்க."

"அவனைக் கேட்டு? அவனே முந்துறவன்."

இருவருக்கும் தலை சுற்றியது. பாட்டின் மிக அழகான பகுதியை இருவரும் எதிராளியின் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

"நான் எப்படி வாசிப்பேன்னு காட்டட்டுமா?" என்று அத்தான் கிடாரை வாங்கினார். எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கியது. வழக்கமான அலங்காரம் எதுவும் ஓடவில்லை. இரண்டு கம்பிகளைத் திறந்துவிட்டு மெல்ல, ஒரு நூல் பிந்தி வாசித்தார். அதேதான். பாதியில் நிறுத்திக் கையைப் பார்த்தார்.

"எண்ணெய்," என்றார்.

"அன்னைக்கும் வேலை முடிஞ்சு நேரா வந்தீங்களோ?"

"வந்திருப்பேன். ஞாபகமில்ல. இப்ப உன் பாட்டை ரெண்டு தடவ கேட்டதால வந்த கையாகவும் இருக்கலாம்."

அதுவும் உண்மைதான். அவள் கிடாரை வாங்கி வாசித்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு நூல் பிந்தியது. ஒட்டிக்கொண்ட எண்ணெயாலா, சொந்தக் கையாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாக வாசித்தால்தான் அந்த ஒலி வரும் என்பது மட்டும் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்க அத்தான்."

அவர் லிஃப்டை ஓடவிட்டுச் சத்தத்தைக் கவனித்தார்.

"வர்றேன். எது மாதிரி வாசிக்கணும்? என்னை மாதிரியா, உன்னை மாதிரியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல அத்தான்," என்றாள். "கையைத் துடைக்காம வாங்க."