சன்னல் மாதிரி ஒரு சுவர்

விடிந்தால் புதுமனை புகுவிழா. குழந்தையம்மாள் ரோட்டோரத்தில் நின்று இன்றைக்கும் மேல்மாடியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அருள்புரம் தாண்டி, மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஒரே சுவரை நடுவில் வைத்து ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகள். ஒன்று அண்ணன் கிட்டுசாமிக்கு, இன்னொன்று அவர் மகன் ரித்தீஷுக்கு. பனியன் வாங்குகிற பையரைப் பார்க்க லண்டன் போன அண்ணன், அங்கே தெருவில் நின்ற இருநூற்றைம்பது வருஷத்து ஜோடி வீட்டை செல்போனில் பிடித்துவந்து, அச்சு பிசகக் கூடாது என்று மேஸ்திரி ஜெபக்குமாரிடம் நீட்டிவிட்டார்.

அச்சு பிசகவில்லைதான். செங்கல் முகப்பு, வாசலுக்கு வெள்ளைத் தூண், கதவுக்கு மேலே விசிறி விரித்தாற்போல அரைவட்டக் கண்ணாடி, மேலே போகப் போகச் சிறுத்துவரும் சன்னல்கள். லண்டனில் இல்லையாம், அதனால் சன்ஷேடும் கிடையாது. போன மாத மழையில் கூடம் குளமாயிற்று. கூரைமேல் நாலு புகைபோக்கி வேறு. குளிர் தாங்காதவன் கணப்பு மூட்டுவதற்கு வைத்தது. இங்கே வைகாசியில் எவன் மூட்டப் போகிறான்? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் திருப்பூர் வெயிலில் புகைபோக்கி பிடிக்கிறார்.

இதையெல்லாம் அவள் சிரித்துத் தள்ளியிருப்பாள். ஆனால் அந்தப் போட்டோவில் இடப்பக்கத்து வீட்டின் மேல்மாடியில், நடுச்சுவரை ஒட்டிய சன்னல் மட்டும் செங்கல் வைத்து அடைத்திருந்தது. அண்ணன் அதையும் விடவில்லை. நிலை உண்டு, விளிம்பு உண்டு, நடுவில் சுவர். வேறு திறப்பே இல்லாத அந்த அறைதான் அவளுக்கு. புருஷன் செத்து முப்பது வயதில் பிறந்த வீடு வந்தவள் அவள். அண்ணன் நாலு மெஷினோடு பனியன் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து செக்கிங் டேபிள் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கண்ணைத் தப்பி ஓர் ஓட்டைப் பனியன் கப்பல் ஏறியதில்லை. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் புகாத பொந்து ஒன்று.

போன வாரமே கேட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, அந்தச் சன்னல மட்டும் தொறந்து உட்றலாமுங்களா?"

"ஏசி போட்டுத் தர்றனே அம்மிணி, சன்னலு எதுக்கு? போட்டோவுக்கு மேட்ச் ஆவாதல்லொ."

தெற்கத்திக்காரர் ஜெபக்குமாரும் கையை விரித்துவிட்டார். "நாஞ் சொன்னா மொதலாளி கேக்கவா செய்வாரு? அடைக்கச் சொன்னாவ, அடைச்சிட்டேன்க்கா."

கார் வந்து நின்றது. ஷிப்மென்ட் பார்க்க வந்திருந்த லண்டன் பையர் இறங்கினார். அண்ணன் வாயெல்லாம் பல்லாக முன்னே ஓடினார். கூடவே ரித்தீஷும் போனான்; குழந்தையம்மாள் இளநீர்த் தட்டோடு பின்னால் வந்தாள். வெள்ளைக்காரர் அண்ணாந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடைத்த சன்னலைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அந்தக் காலத்துல அவுங்கூர்ல சன்னலுக்கு வரி போட்டாங்களாமாப்பா," என்றான் ரித்தீஷ். "வரிக்குப் பயந்துட்டு அடைச்சு வெச்சாங்களாமா."

"நாமளும் அதே மாரியே வெச்சுட்டம்னு சொல்லு கண்ணு!"

சிரிப்பதா காறித் துப்புவதா என்று குழந்தையம்மாளுக்குத் தெரியவில்லை. எவனோ வரிக்குப் பயந்து மூடியதை இந்த மனுஷன் அலங்காரம் என்று காசு கொடுத்துக் கட்டியிருக்கிறார்.

அந்தச் சன்னலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

"நோபடி சார். ஜஸ்ட் ஸ்டோர் ரூம்," என்றான் ரித்தீஷ்.

இருபத்திரண்டு வருஷம் பையர் ஆட்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அது புரியாதா? அத்தை நாலடி தள்ளி இளநீர்த் தட்டோடு நிற்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்த பயல். தட்டைக் கீழே வைத்தாள். கம்பி வேலியோரம் கிடந்த ஜெபக்குமாரின் சம்மட்டியை எடுத்துக்கொண்டு படியேறினாள். யாரும் கவனிக்கவில்லை.

முதல் அடியில் பூச்சு உதிர்ந்தது. ஐந்தாவது அடியில் ஒரு கல் வெளிப்பக்கமாகப் போய்ப் பூந்தொட்டியில் விழுந்தது. அண்ணன் "அய்யோ" என்று கத்தினார். இன்னும் இரண்டு கல்லைப் பெயர்த்து, ஓட்டையில் முகத்தைக் கொடுத்தாள். சாயப்பட்டறை நாற்றத்தோடு காற்று வந்து மூஞ்சியில் அறைந்தது. நன்றாக இழுத்து மூச்சு விட்டாள்.

கீழே மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள். வெள்ளைக்காரர் அவளைப் பார்த்தார், பிறகு ரித்தீஷைத் திரும்பிப் பார்த்தார். ரித்தீஷ் தரையைப் பார்த்தான்.

"தள்ளி நில்லு கண்ணு, கல்லு உழுகுது," என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லுக்குச் சம்மட்டியை ஓங்கினாள்.