கொடுத்தனுப்பிய விண்ணப்பம்

கடைசி நாள், எல்லாரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் நேரம் பார்த்து ரயிலுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. ரயில் என்றால் தண்டவாளத்தில் ஓடுகிற ரயில் இல்லை. பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காத ஒரு பெண்ணுக்குக் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பேர். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நீ போடி பல்லி, எனக்காக நீ ஏன் கெடுத்துக்கறே" என்றாள்.

பல்லி அவளுடைய அறைத்தோழி. அந்தப் பேரும் சும்மா வரவில்லை. இவர்கள் படிப்பது செயற்கைக் கால் செய்கிற படிப்பு. கால் இழந்தவருக்கு, அந்தக் காலில் மிச்சமிருக்கிற பகுதியில் மாவுக்கட்டு சுற்றி முதலில் அச்சு எடுக்க வேண்டும். மாவு இறுகும்வரை ஏழெட்டு நிமிஷம் இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். கை கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு, நாளைக்கு அந்த மனுஷன் நடக்கும்போது எலும்பு குத்தி உயிர் போகும். மற்றவர்களுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் மூக்கு அரிக்கும். இவள் மட்டும் சுவரில் ஒட்டின பல்லி மாதிரி நிற்பாள். மூன்று வாரப் பயிற்சிக்கு வந்த இந்த வெளிநாட்டுப் பட்டறையில், எதற்கும் முகம் மலராத தலைமை டெக்னீஷியன் அம்மாள்கூட இவள் எடுத்த அச்சைத் தடவிப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வருஷம் தங்கி வேலை கற்றுக்கொள்ள ஒரே ஒரு இடம் இருந்தது. பல்லிக்கு அந்த இடத்தின் மேல் உயிர். விண்ணப்பத்தை ஆறு தடவை அடித்து அடித்து எழுதினாள். அம்மாவிடம் போனில் கேட்டதற்கு அம்மாவும், "உன் இஷ்டம்டா கண்ணு, தாராளமா போடு" என்றாள். கொடுக்க வேண்டிய கடைசி நாளில், ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு, இவள் கை ஒரு பெரியவரின் காலில் மாவோடு கிடந்தது. ரயில்தான் ஓடி வந்து இவள் ஏப்ரன் பையிலிருந்து காகிதத்தை உருவினாள்.

"நான் குடுத்துடறேன். நீ கையை எடுத்துடாதே."

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "குடுத்தாச்சு. ஊருக்குப் போனப்புறம் மெயில்ல சொல்வாங்களாம்" என்றாள். அன்றிலிருந்து பல்லிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது ஊர் பார்க்கப் போன கதைக்கு வருவோம். கால் படிப்பு படிக்கிற இருபது பேரைக் கூட்டிக்கொண்டு எந்த ஊரைக் காட்டினாலும் வீண்தான். மணிக்கூண்டைப் பாருங்கள் என்று வாத்தியார் கையை நீட்டினால், இவர்கள் கீழே போகிறவர்களின் நடையைப் பார்க்கிறார்கள். "அந்தத் தாத்தாவுக்கு இடது முட்டி காலி" என்கிறான் ஒருத்தன். "முட்டி இல்லடா, இடுப்பு" என்கிறான் இன்னொருத்தன். பல்லிக்கு அதிலும் மனசு ஒட்டவில்லை. வழியில் ஒரு மருந்துக் கடையில் வயிற்று வலி மாத்திரை வாங்கினாள். மத்தியானம் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் வாழைப்பழத்தை மட்டும் ரயிலுக்கென்று எடுத்து வைத்தாள். ஏரிக்கரையில் எல்லாரும் படகுக்கு வரிசையில் நிற்கும்போது வாத்தியாரிடம் போனாள்.

"சார், நான் முன்னாடியே ரூமுக்குப் போகட்டா? அவ வயித்து வலில தனியா படுத்திருக்கா."

வாத்தியார் விழித்தார். "வயித்து வலியா? காலைல நீங்கள்லாம் பஸ் ஏறினப்புறம் நான்தானேம்மா அவளைப் பட்டறை வேன்ல ஏத்திவிட்டேன். இன்டர்வியூக்கு."

"எந்த இன்டர்வியூ சார்?"

"அந்த ஒரு வருஷ இடத்துக்கு. அவளை எடுத்துக்கிட்டாங்க, இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. உன்னைத்தான் அந்த டெக்னீஷியன் அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. உனக்கு விருப்பமில்ல, வீட்ல விடமாட்டாங்கன்னு அவ சொன்னாளே. நீ போடவே இல்லியாமே."

மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள். அந்தக் குழிக்காரிக்கு இவள் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள். இதைவிட ஒரு ஆளை முட்டாளாக்க முடியுமா? அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. படகு வேண்டாம் என்று தனியாக டிராம் பிடித்து அறைக்கு வந்தாள்.

ரயில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி மூடாமல் கிடந்தது. இவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"என் விண்ணப்பம் எங்கே?"

ரயில் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து நீட்டினாள். மடிப்புகூடக் கலையவில்லை.

"உங்கம்மாதான் சொன்னாங்கடி. நீ விண்ணப்பம் எழுதின வாரம் எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. எப்படியாவது போடவிடாம பண்ணும்மா, உனக்குப் புண்ணியமா போகும்னாங்க."

"பொய் சொல்லாதே."

"அவங்களையே கேளு. நீ போடலைன்னதும், யாராவது ஒருத்தர் போகட்டுமேன்னு நான் போட்டேன். அது தப்புதான். ஆனா முதல்ல கேட்டது அவங்க."

பல்லி அங்கேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"அம்மா, என் விண்ணப்பத்தைக் குடுக்க வேண்டாம்னு நீயா சொன்னே?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"உங்கண்ணனும் ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுத்தான் வெளிநாடு போனான்" என்றாள் அம்மா. "ஒன்பது வருஷமாச்சு. அவன் பிள்ளை என்னைப் போன்ல பாத்துட்டு யாருன்னு கேக்குது. நீயும் போயிட்டா நானும் அப்பாவும் மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"தாராளமா போடுன்னு வாயால சொன்னியேம்மா."

"வேண்டாம்னு சொன்னா என்னைத் திட்டிட்டுப் போயிருப்பே."

"போகாதேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா இருந்திருப்பியா?"

இருந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. அது நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் தாங்க முடியாமல் இருந்தது. சண்டை போட்டுப் போயிருக்கலாம், அழுதுகொண்டே இருந்திருக்கலாம், எதுவானாலும் அது இவள் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

"அதை விடுடா கண்ணு" என்றாள் அம்மா, குரலைக் குழைத்துக்கொண்டு. "நாளைக்கு விமானம் எத்தனை மணிக்கு எறங்குது? நானும் அப்பாவும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கறோம்."

"அப்பா மட்டும் வரட்டும்" என்றாள் பல்லி. "நீ வராதேம்மா."